4×5 கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு எந்த ஸ்கேனர்?

நண்பர் ஒருவர் ஒரு வருடமாக 4×5 இன்ச் ஷீட் ஃபிலிமில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து வருகிறார். இல்ஃபோர்ட் நிறுவனத்தின் எஃப்பி4, எச்பி5 ஃபிலிம்கள் இரண்டும். வீட்டிலேயே கழுவுகிறார். என்லார்ஜர் (நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுக்கும் கருவி) வைக்க இடமில்லை, அதனால் ஸ்கேன் செய்து இங்க்ஜெட்டில் பிரிண்ட் போட வேண்டும். பெரும்பாலும் 16×20 இன்ச், எப்போதாவது ஒன்று 30×40. எப்சன் வி850 என்ற தட்டை ஸ்கேனரை வாங்குவதா, ஹாசல்பிளாடின் உயர்தர ஃபிலிம் ஸ்கேனரான ஃப்ளெக்ஸ்டைட்டில் பழையது ஒன்று விலைக்கு வருகிறதே அதைப் பிடிப்பதா, இல்லை கையில் இருக்கும் 24 மெகாபிக்சல் கேமராவால் நெகட்டிவைப் படம் எடுத்துக்கொண்டால் போதுமா என்று கேட்டிருக்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தேவைக்கு வி850 போதும். நல்ல நிலையில் உள்ள வி700, வி750, வி800 எது அகப்பட்டாலும் போதும். ஃப்ளெக்ஸ்டைட் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். கேமரா வழி மோசமில்லை, ஆனால் அதற்கு வேறு மாதிரிப் பொறுமை வேண்டும். ஏன் என்று கேட்டால் கொஞ்சம் கணக்குப் போட்டாக வேண்டும். எல்லாம் பள்ளிக்கூடக் கணக்குதான்.

வி850 பெட்டியில் 6400 டிபிஐ (இன்ச்சுக்கு 6400 புள்ளி) என்று போட்டிருக்கும். அதை நம்பி யாரும் வாங்க வேண்டாம். சென்சார் இன்ச்சுக்கு 6400 புள்ளி எடுக்கிறது என்பது உண்மைதான். அந்த 6400 புள்ளியிலும் தனித்தனி விவரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு முன்னால் இருக்கும் சின்ன லென்ஸ் அவ்வளவு விவரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. கண்ணாடியில் அச்சடித்த, வரவரச் சிறிதாகும் கோடுகள் கொண்ட யூஎஸ்ஏஎஃப் 1951 சோதனைப் பட்டை ஒன்றை வைத்து என் ஸ்கேனரைப் பார்த்தேன். 5ஆம் குழுவின் 4ஆம் வரிசை வரை கோடுகள் பிரிந்து தெரிந்தன, அதற்கு அப்புறம் எல்லாம் சாம்பல் பூச்சு. அந்த வரிசை மில்லிமீட்டருக்கு 45 கோட்டு ஜோடி (ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஒரு ஜோடி). ஒரு ஜோடிக்கு இரண்டு புள்ளி, இன்ச்சுக்கு 25.4 மில்லிமீட்டர் என்று பெருக்கினால் 2300 வருகிறது. ஆக 6400 என்பது விளம்பரம், 2300 என்பது நிஜம். இந்த வகை ஸ்கேனரைச் சோதித்த பலரும் கிட்டத்தட்ட இங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

சரி, 2300 குறைவா? 35 மில்லிமீட்டர் ஃபிலிமுக்குக் குறைவுதான். 4×5க்கு அப்படியில்லை. கேமராவில் ஷீட்டின் ஓரத்தை ஹோல்டர் பிடித்துக்கொள்வதால் படம் விழும் இடம் ஏறக்குறைய 3.75×4.75 இன்ச். கணக்குக்கு வசதியாக 2300ஐ 2400 என்று வைத்துக்கொண்டால் 9000×11400 பிக்சல், அதாவது நூறு மெகாபிக்சலுக்குச் சற்று மேல். 300 பிபிஐயில் (இன்ச்சுக்கு 300 பிக்சல்) பிரிண்ட் போட்டால் 30×38 இன்ச். நீங்கள் எப்போதாவது போடும் பெரிய பிரிண்டுக்கே அது சரியாக இருக்கிறது. 16×20 எல்லாம் ஊதித்தள்ளிவிடலாம்.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைப் பலர் பார்ப்பதே இல்லை. நெகட்டிவில் எவ்வளவு இருக்கிறது? லார்ஜ் ஃபார்மட்டில் முன்னால் கிடக்கும் கல்லும் தெரிய வேண்டும், பின்னால் இருக்கும் மலையும் தெரிய வேண்டும் என்று லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப்/32க்குப் போவது வழக்கம், சில நேரம் எஃப்/45. துவாரம் சுருங்கச் சுருங்க ஒளி வளைந்து பரவும். எஃப்/32இல் எவ்வளவு நல்ல லென்ஸானாலும் மில்லிமீட்டருக்கு 47 கோட்டு ஜோடி அளவில் முட்டிக்கொள்ளும், எஃப்/45இல் 33. பிபிஐ கணக்கில் சொன்னால் ஒன்று சுமார் 2400, மற்றது 1700. அதற்கு மேல் ட்ரைபாட் அசைவு, ஃபிலிம் ஹோல்டருக்குள் வளைந்திருந்தது, காற்றில் இலை ஆடியது எல்லாம் சேரும். எஃப்/45இல் எடுத்த நெகட்டிவை டிரம் ஸ்கேனரில் 4000இல் ஸ்கேன் செய்தால் கிடைப்பது பெரிய கோப்பு மட்டும்தான். எஃப்/16, எஃப்/22இல் நல்ல நவீன லென்ஸோடு எடுத்த நெகட்டிவ் வேறு கதை. அதில் எப்சன் எட்டாத விவரம் நிச்சயம் இருக்கும். உங்கள் குறிப்பேட்டைத் திறந்து, கடைசி இருபது படம் எந்த எஃப் எண்ணில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். ஸ்கேனர் முடிவை அந்தப் பக்கமே பாதி எடுத்துக் கொடுத்துவிடும்.

அடுத்து டிமேக்ஸ், அதாவது ஸ்கேனரால் பார்க்க முடிகிற அதிகபட்ச அடர்த்தி. வி850க்கு 4.0 என்று விளம்பரம் சொல்கிறது. அது எவ்வளவு நிஜம் என்று சண்டை போடுவது ஸ்லைடு ஃபிலிம் ஆட்களின் வேலை, அவர்களுக்கு அது வாழ்வா சாவா. 4.0 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் ஊடுருவும் அளவுக்குக் கறுப்பு. சரியாக எக்ஸ்போஸ் செய்து கழுவிய கறுப்பு வெள்ளை நெகட்டிவில், வெளிச்சத்தைப் படிகளாகப் பிரித்துப் பார்க்கும் ஜோன் முறைக்காரர்கள் எட்டாம் ஜோன் என்று சொல்லும் வெளிச்சப் பகுதியின் அடர்த்தி அடிப்படைக்கு மேல் 1.3 சுற்றுவட்டாரம். அதாவது இருபதில் ஒரு பங்கு ஒளி ஊடுருவும். எந்தச் சாதாரண ஸ்கேனரும் அதைப் பார்த்துவிடும். அதிகம் கழுவி, மேகத்தைத் தார் மாதிரி ஆக்கி வைத்திருந்தால்தான் தகராறு. அப்போது வேண்டியது வேறு ஸ்கேனர் இல்லை, டெவலப்பரில் நேரத்தைக் குறைப்பதுதான். ஸ்கேனுக்கென்றே கழுவுவதாக இருந்தால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மென்மையாகவே கழுவலாம். கான்ட்ராஸ்டைப் பிறகு ஏற்றிக்கொள்ள முடியும்.

டிஜிட்டல் ஐஸ் என்று இன்னொரு அம்சத்தைப் பெரிதாகச் சொல்வார்கள். தூசியையும் கீறலையும் தானே அழிக்குமாம். உங்களுக்கு அது பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. அது அகச்சிவப்பு ஒளியை வைத்து வேலை செய்கிறது. கலர் ஃபிலிமின் சாயம் அந்த ஒளியை விட்டுவிடும், தூசி மறிக்கும், அதை வைத்து எது தூசி என்று கண்டுபிடிக்கிறது. எஃப்பி4இல் இருப்பது வெள்ளி. வெள்ளியும் அகச்சிவப்பை மறிக்கும். அதனால் படம் முழுவதையும் தூசி என்று நினைத்துத் துடைக்கப் பார்க்கும். அணைத்துவிடுங்கள். நம் வீட்டில் தூசியோடு போராட ஒரே வழி, தரையைத் துடைத்துவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு, ஊதுபந்தோடு உட்காருவது. வியர்த்துக் கொட்டும்தான். இல்லையென்றால் அரைமணி நேரம் வானத்தில் வெள்ளைப் புள்ளிகளைத் தேடித்தேடி அடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எப்சனிலேயே வி600 மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். அதன் மூடியில் ஃபிலிமுக்கு ஒளி வரும் பட்டை 2.7 இன்ச் அகலம்தான், 4×5 அதில் முழுதாக அடங்காது. இரண்டு தடவை ஸ்கேன் செய்து ஒட்டலாம் என்பார்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன், ஒட்டிய இடத்தில் வானம் இரண்டு நிறமாக நின்றது. கேனான் 9000எஃப் கதையும் இதேதான். நிக்கான் கூல்ஸ்கேன் 9000 அருமையான கருவி, ஆனால் மீடியம் ஃபார்மட்டோடு நின்றுவிடும். பெயரைக் கேட்டு மயங்கி வாங்கிவிடாதீர்கள். வி700, வி750 2006இல் வந்தவை, வி800, வி850 2014இல் வந்தவை. பழையவற்றில் குளிர் கேத்தோடு விளக்கு, அது சூடேறக் கொஞ்ச நேரம் வேண்டும். புதியவற்றில் எல்இடி. கூர்மையில் பெரிய வித்தியாசம் பார்க்க முடியாது.

இந்த நாலில் எது என்பதைவிட, வாங்கிய பிறகு செய்யும் ஒரு வேலைதான் முக்கியம். ஃபிலிம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது.

இந்த ஸ்கேனர்களுக்குத் தானாக ஃபோகஸ் செய்யத் தெரியாது. உள்ளே இரண்டு லென்ஸ் இருக்கிறது. ஒன்று கண்ணாடியின் மேல் நேராக வைப்பதற்கு, இன்னொன்று ஸ்கேனரோடு வரும் ஃபிலிம் சட்டமான ஹோல்டரில் கண்ணாடிக்குச் சில மில்லிமீட்டர் மேலே நிற்கும் ஃபிலிமுக்கு. இரண்டும் தொழிற்சாலையில் வைத்த இடத்தில் வைத்தபடிதான். ‘சில மில்லிமீட்டர்’ என்பது ஒவ்வொரு கருவிக்கும் கொஞ்சம் மாறும். வி800, வி850 ஹோல்டரின் காலில் ஐந்து நிலை வைத்திருப்பதே அதற்காகத்தான். பெட்டியைப் பிரித்ததும் நடு நிலையில் வைத்து ஸ்கேன் செய்து, “என்னப்பா இவ்வளவு மங்கல்” என்று கருவியைத் திட்டுகிறவர்கள் நிறைய.

நான் செய்தது இது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை, அதையும் சேர்த்து எஃப்/22இல் எடுத்த ஒரு எச்பி5 நெகட்டிவ் இருந்தது. படத்தில் கடைப் பலகை நகக்கண் அளவுகூட இருக்காது. அதையே ஐந்து உயரத்திலும் ஸ்கேன் செய்து, பலகையை மட்டும் வெட்டி வரிசையாக வைத்தேன். முதல் நிலையில் பலகையில் ‘பால’ என்று இருந்தது. இரண்டாவதில் ல மேல் ஏதோ அழுக்கு மாதிரி. மூன்றாவதில் ‘பால்’ என்று புள்ளி வந்துவிட்டது. நான்காவதில் புள்ளி வட்டமாகவே நின்றது, பக்கத்தில் விலைப் பட்டியலின் கோடுகளும் தெரிந்தன. ஐந்தாவதில் மறுபடி ‘பால’. அன்றிலிருந்து என் ஹோல்டர் நான்காம் நிலையை விட்டு நகரவில்லை. இந்த ஒரு மணி நேர வேலையில் கிடைத்த வித்தியாசம், வி700க்கும் வி850க்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரியது. வி700 ஹோல்டரில் நிலைகள் குறைவு, அதற்குக் காலுக்கு அடியில் காகிதத்தை அடுக்கடுக்காக வைத்துப் பார்க்கலாம்.

உயரம் சரியாக இருந்தாலும் ஷீட் நடுவில் தொய்ந்தால் பயனில்லை. 4×5 அளவுக்கு நடுப்பகுதி கொஞ்சம் தொங்கத்தான் செய்யும், ஈரப்பதமான நாளில் இன்னும் அதிகம். தட்டையாக்கக் கண்ணாடி வைத்தால் நியூட்டன் வளையம் வரும், மழைநீரில் எண்ணெய் மிதந்த மாதிரி வட்டவட்டமாக. ஃபிலிமின் பளபளப்பான பக்கம் வழுவழுப்பான கண்ணாடியைத் தொடும்போது அது வரும். அதற்கென்றே லேசாகச் சொரசொரப்பாக்கிய கண்ணாடி விற்கிறார்கள். அதன் சொரசொரப்பு முகத்தை ஃபிலிமின் பளபளப்பு முகத்தோடு சேர்த்து வையுங்கள், படம் பதிந்திருக்கும் எமல்ஷன் முகம் ஸ்கேனர் பக்கம் பார்க்கட்டும். இடம் வலம் மாறி வந்தால் மென்பொருளில் திருப்பிக்கொள்ளலாம். எது எமல்ஷன் என்று குழப்பம் வந்தால், ஷீட்டை நெட்டுக்குத்தாகப் பிடித்து ஓரத்து வெட்டு மேல் வலது மூலையில் வரும்படி வையுங்கள். அப்போது எமல்ஷன் உங்களைப் பார்க்கும். இருட்டில் ஹோல்டரில் ஃபிலிம் போட்ட விரலுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

பழையது வாங்குவதாக இருந்தால் என் கதையைக் கேளுங்கள். என் முதல் வி700 இன்னொருவர் பயன்படுத்தியது, கூரியரில் வந்தது. பெட்டியைத் தூக்கியதுமே உள்ளே ஏதோ உருளும் சத்தம். உள்ளே நகரும் பகுதியைப் பூட்ட ஒரு பூட்டு உண்டு. அனுப்பியவர் அதைப் போடாமலே அனுப்பியிருந்தார். நல்லவேளை வண்டி மட்டும் தடம் விலகியிருந்தது, லென்ஸ் தப்பித்தது. அதைச் சரிசெய்யத் திறந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. கண்ணாடியின் உள்பக்கம் முழுவதும் மெல்லிய மூட்டம். இந்த வகை ஸ்கேனர்களில் வருடங்கள் போகப்போக இது படியும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது, மேல்பாகத்தைக் கழற்றி உள்ளே துடைக்க வேண்டும். துடைத்த பிறகு என் நிழல் பகுதிகள் ஒரு படி கூடுதல் சுத்தமாக வந்தன. ஆகவே வாங்குமுன் டார்ச்சைச் சாய்த்து அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். பூட்டுப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள், பூட்டிய நிலையில் ஒரு போட்டோவும் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது ஃப்ளெக்ஸ்டைட். ஆசை எனக்கும் உண்டு. ஃபிலிமை வளைத்து இழுக்கிறது, நடுவில் கண்ணாடியே கிடையாது, லென்ஸ் உயர்ந்த தரம். ஆனால் 35 மில்லிமீட்டருக்கு 8000 வரை போகும் எக்ஸ்5, 4×5க்கு 2040 பிபிஐதான் தரும். அந்த 2040 முழுக்க நிஜமானது, எப்சனின் 2300ஐவிடப் பார்க்கத் தெளிவாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 16×20 பிரிண்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் நானே தடுமாறுவேன். ஹாசல்பிளாட் இதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. உள்ளே ரப்பர் பெல்ட் இருக்கிறது, அது மூப்படையும். அதன் மென்பொருள் 32 பிட், மேக்கில் 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து ஓடாது. கம்ப்யூட்டரோடு இணைக்கப் பழைய மாடல் என்றால் ஸ்கஸி, கொஞ்சம் புதியது என்றால் ஃபயர்வயர், இரண்டுமே வழக்கொழிந்த இணைப்புகள். அதாவது ஸ்கேனரோடு ஒரு பழைய கம்ப்யூட்டரையும் சேர்த்துத் தத்தெடுக்க வேண்டும். பழுது பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் யோசிக்கலாம். நாளைக்கு 8×10க்குப் போகும் எண்ணம் இருந்தால் அதுவும் இதில் நுழையாது. எப்சன் அந்த அளவைக் கண்ணாடி மேல் நேராக வைத்து ஸ்கேன் செய்யும்.

டிரம் ஸ்கேனரைச் சொந்தமாக வைத்துக்கொள்வது தனி வாழ்க்கை. ஃபிலிமை எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் நனைத்து அக்ரிலிக் உருளையில் ஒட்டி, சுழலவிட்டு, ஒளியை உணரும் போட்டோமல்டிப்ளையர் குழாயால் புள்ளி புள்ளியாகப் படிக்கிற கருவி. திரவம் சிறு கீறல்களை நிரப்பிவிடும், ஃபிலிமும் தட்டையாக ஒட்டிக்கிடக்கும், வளையமும் வராது. அச்சுக்கு நிறங்களைப் பிரித்துக் கொடுத்த கலர் செபரேஷன் கடைகள் இவற்றை வைத்துப் பிழைத்த காலம் போய்விட்டது. ஹைடல்பர்க் டேங்கோ, ஹவ்டெக் மாதிரிக் கருவிகளைச் சிலர் இன்னும் ஓட்டுகிறார்கள், காசு வாங்கிக்கொண்டு ஸ்கேன் செய்தும் தருகிறார்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு படம் 30×40ஐத் தாண்டி, சுவரை நிறைக்கும் அளவுக்குப் போகுமானால் அதை மட்டும் அங்கே அனுப்புங்கள். அனுப்புமுன் எப்சனில் ஸ்கேன் செய்து ஒரு சின்னப் பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒரு மாதம் மாட்டி வையுங்கள். பாதிப் படங்கள் அந்த மாதத்திலேயே தகுதி இழந்துவிடும்.

கேமரா வழியைப் பற்றி. உங்கள் 6000×4000 கேமராவால் முழு நெகட்டிவையும் ஒரே ஷாட்டில் எடுத்தால் 1060 பிபிஐ சுமாராக வரும். 16×20 பிரிண்டுக்கு அது 250 பிபிஐ. மோசமில்லை. கையில் நல்ல மேக்ரோ லென்ஸும், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95க்கு மேல் உள்ள லைட் பேனலும் இருந்தால் இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம், ஸ்கேனர் வாங்கும்வரை தாக்குப்பிடிக்கும். 2400 வேண்டுமென்றால் ஒன்றன்மேல் ஒன்று முப்பது சதவீதம் விழும்படி மூன்றுக்கு மூன்று, ஒன்பது ஷாட் எடுத்து ஒட்ட வேண்டும். கேமரா நகராமல் நெகட்டிவ் நகர வேண்டும், பேனல் ஒரே சீராக ஒளிர வேண்டும், சென்சாரும் ஃபிலிமும் இணையாக இருக்க வேண்டும். இணையாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தந்திரம்: நெகட்டிவ் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து, லென்ஸின் பிம்பம் வியூஃபைண்டரின் நட்டநடுவில் வரும்வரை கேமராவைச் சாய்த்துக்கொள்ளுங்கள். நெகட்டிவைச் சுற்றிக் கறுப்புத் தாளால் மறைக்காவிட்டால் பேனலின் வெளிச்சம் லென்ஸுக்குள் கசிந்து நிழல்களைச் சாம்பலாக்கும். எல்லாம் அமைந்துவிட்டால் கூர்மையில் எப்சனைத் தோற்கடிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் மேகமே இல்லாத வெற்று வானமோ, நீண்ட நேரம் எக்ஸ்போஸ் செய்து பாலாக மாறிய கடலோ வந்தால் ஒட்டும் மென்பொருளுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. நான்கு கடல் படத்துக்கு அப்புறம் நான் மறுபடி எப்சனுக்கே வந்துவிட்டேன்.

ஸ்கேன் செய்யும்போது ஷார்ப்பனிங் எல்லாவற்றையும் அணையுங்கள். 16 பிட் கிரேஸ்கேல், டிஃப் கோப்பு. ஹிஸ்டோகிராமின் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) இரு முனைக்கும் வெளியே கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். படம் தட்டையாக, உயிரே இல்லாமல் தெரியும், தெரியட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் 4800இல் ஸ்கேன் செய்து பாதியாகக் குறைக்கிறேன், இரைச்சல் கொஞ்சம் அடங்கும். 4800இல் ஒரு கோப்பு 800 எம்பியைத் தாண்டும், குறைத்த பிறகு 200. எப்சனோடு வரும் மென்பொருளே போதும், வியூஸ்கேன் என்ற தனி மென்பொருள் பழகினால் இன்னும் வசதி. ஃபிலிமில் கறை ஏற்றும் பைரோ வகை டெவலப்பரில் கழுவுவதாக இருந்தால் மட்டும் கிரேஸ்கேல் வேண்டாம். அந்த மஞ்சள் பச்சைக் கறையும் படத்தின் பகுதிதான். கலரில் ஸ்கேன் செய்து மூன்று சேனலையும் தனித்தனியே பாருங்கள். நீலத்தில் கான்ட்ராஸ்ட் கூடும், இரைச்சலும் கூடும். பெரும்பாலும் பச்சையே நன்றாக வரும்.

ஆர்டர் போடுவதற்கு முன் மேசையையும் அளந்துவிடுங்கள். வி850 அரை மீட்டர் நீளம், மூடி மேல்நோக்கித் திறக்கும், மேலே அலமாரி இருந்தால் இடிக்கும். என்னுடையது இரண்டு வருடம் சாப்பாட்டு மேசையில்தான் இருந்தது.